அரிசியில் உலோகம்: ஆய்வக அறிக்கையின் எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். சொந்த வயலில் விளைந்த நெல்லை உமி மட்டும் நீக்கி, தவிடு போகாமல் பாக்கெட் போட்டு விற்கும் ஒருவர், தன் அரிசியை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்திருக்கிறார். ஒரு கிலோவுக்கு ஆர்செனிக் 0.24 மில்லிகிராம், காட்மியம் 0.03, ஈயம் 0.05, துத்தநாகம் 21, இரும்பு 38 என்று அறிக்கை வந்திருக்கிறது. "ஆர்செனிக்குக்கு வரம்பு 0.2 என்கிறார்கள், என் அரிசி வரம்பு மீறியதா? இரும்பு 38 இருக்கிறதே, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

ஆர்செனிக் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இரும்பு எண்ணை நம்பவும் வேண்டாம். இதுதான் என் பதில். ஏன் என்பதை விளக்க, அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லியாக வேண்டும். அறிக்கையைக் கையில் வாங்கும் பலரும் எண்ணை இயந்திரம் தருவதாக நினைக்கிறார்கள். இயந்திரத்தின் வேலை கடைசி இரண்டு மூன்று நிமிடம்தான். எண் சரியா தவறா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, களத்திலும் அரவையிலும் அமிலத்திலும் முடிவாகிவிடுகிறது. எதை அளக்கச் சொன்னோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

இரும்பிலிருந்து தொடங்குகிறேன். தவிடு நீக்காத அரிசியில் இயல்பாக இருக்கும் இரும்பு கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம். வெள்ளையாகத் தீட்டினால் 2 முதல் 5 வரை இறங்கிவிடும். இந்தியாவில் செறிவூட்டிய அரிசிக்கு வைத்திருக்கும் தரமே கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பதுதான். அதாவது வெளியிலிருந்து இரும்பைச் சேர்த்து எட்டும் அளவை உங்கள் அரிசி தானாக எட்டியிருப்பதாக அறிக்கை சொல்கிறது. நெற்பயிர் அப்படிச் செய்வதில்லை.

அப்படியானால் மிச்ச இரும்பு எங்கிருந்து வந்தது? முதல் சந்தேகம் மண். வயல் மண்ணில் இரும்பு சில சதவீதம் இருக்கும். 3 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ அரிசியில் ஒரே ஒரு கிராம் மண் தூசி ஒட்டியிருந்தால், அதிலிருந்தே 30 மில்லிகிராம் இரும்பு சேர்ந்துவிடும். களத்தில் காயவைத்த நெல்லில் ஒரு கிராம் தூசி என்பது கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது சந்தேகம் அரவை. உமி நீக்கும் எந்திரத்தின் இரும்புப் பாகமும், ஆய்வகத்தில் மாவாக்கும் எஃகு பிளேடும் தேயும்போது இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் மாவில் கலக்கும். சத்து கூடிய நெல் ரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டாலும் வெகுவாக அவதிப்பட்டவர்கள். அதனால்தான் அவர்கள் அரிசி படும் பாகங்களை இரும்பல்லாத பொருளுக்கு மாற்றிக்கொண்டார்கள். இரும்பை அளக்கும்போதெல்லாம் கூடவே அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் அளக்கவும் தொடங்கினார்கள். இவ்விரண்டும் மண்ணில் ஏராளம். பயிர் இவற்றை மணிக்குள் கொண்டுபோவது மிகமிகக் குறைவு. ஆகவே இவை உயர்ந்திருந்தால் இரும்பும் மண்ணிலிருந்து வந்தது என்று அர்த்தம். இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்து உயர்ந்திருந்தால் எந்திரத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் மாதிரியில் இந்த நான்கையும் சேர்த்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அது தெரியும்வரை 38 என்று அச்சடிக்க வேண்டாம். வாங்குகிறவர் வீட்டில் ரத்தசோகை உள்ள ஒருவர் அந்த எண்ணை நம்பிச் சாப்பிடுவார்.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். ஆய்வகம் கடைசியில் எடுத்துக்கொள்வது அரை கிராம் மாவு. ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் என்றால், அரை கிராம் என்பது இருபத்தைந்து மணிதான். ஒரு மூட்டைக்கு இருபத்தைந்து மணி பதில் சொல்ல வேண்டும். செறிவூட்டிய அரிசியில் நூறு மணிக்கு ஒன்றுதான் சத்து மணி. அரைக்காமல் இருபத்தைந்து மணியை அப்படியே எடுத்தால், அதில் சத்து மணி ஒன்றுகூட இல்லாமலே போகலாம். அதனால் மூட்டையின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து பிரிப்பது பழைய முறை. இன்றும் அதுதான் சரியான முறை. கடைசியில் வரும் சில நூறு கிராமையும் முழுதாக அரைக்க வேண்டும். மேலாக ஒரு கை அள்ளி அரைப்பது கூடாது.

அந்த மாவில் நைட்ரிக் அமிலம் விட்டு, பெரும்பாலும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, இறுக மூடிய டெஃப்லான் வகைக் கலத்தில் போட்டு, மைக்ரோவேவில் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். மாவுச்சத்து, புரதம் எல்லாம் எரிந்து தெளிந்த நீராகிவிடும். உலோகங்கள் மட்டும் கரைசலில் நிற்கும். மூடிய கலம் என்பது வசதிக்காக அல்ல. திறந்த பாத்திரத்தில் வேகவைத்தாலோ உலையில் சாம்பலாக்கினாலோ பாதரசம் போய்விடும், ஆர்செனிக்கிலும் செலினியத்திலும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். பிறகு அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். படிப்பவர் அரிசி சுத்தம் என்று மகிழ்வார்.

அரை கிராமை 50 மில்லிலிட்டராக்கும்போது எல்லாம் நூறு மடங்கு நீர்த்துவிடுகிறது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஆர்செனிக் என்பது அந்தக் கரைசலில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். காட்மியம் அதிலும் பத்தில் ஒரு பங்கு இருக்கும். இந்த அளவில் அமிலத்தின் தூய்மை, பாத்திரம், கையுறை எல்லாமே எண்ணை மாற்றும். பவுடர் போட்ட கையுறையிலிருந்து துத்தநாகம் வரும் என்பது இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் அரிசியே போடாத வெற்றுக் கலம் ஒன்றும் அதே பாதையில் போக வேண்டும். அதில் வரும் எண்ணைக் கழித்த பிறகுதான் அரிசியின் எண்.

பிறகுதான் ஐசிபி-எம்எஸ் என்கிற கருவி. ஆர்கான் வாயுவை ஆறாயிரம் டிகிரிக்கும் மேலான பிளாஸ்மாவாக்கி, கரைசலை அதில் தெளித்து, வரும் அயனிகளை நிறைவாரியாக எண்ணுகிறது. துத்தநாகம் முதல் ஈயம் வரை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடும் என்பது இதன் பெரிய பலம். பலவீனம், அதற்கு நிறை மட்டுமே தெரியும் என்பது. ஆர்செனிக்கின் நிறை 75. பிளாஸ்மாவின் ஆர்கானும் மாதிரியில் உள்ள குளோரினும் ஒட்டிக்கொண்டால் அதன் நிறையும் 75. கருவிக்கு இரண்டும் ஒன்றே. அதேபோல ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து 56இல் இரும்பாக வேடம் போடும். மாலிப்டினமும் ஆக்சிஜனும் சேர்ந்து காட்மியத்தின் இடத்தில் வந்து நிற்கும். அரிசியில் மாலிப்டினம் உண்டு என்பதால் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. இதற்காகவே கருவிக்குள் ஹீலியம் நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. ஒட்டிய கூட்டயனி பெரிய உருவம். ஹீலியத்தில் அதிகம் மோதி வேகம் இழந்து பின்தங்கிவிடும். தனி அயனி கடந்துபோகும். கரைசலில் மிச்சமிருக்கும் கரிமம் (கார்பன்) ஆர்செனிக், செலினியம் இரண்டின் குறியையும் கூட்டிக் காட்டும். அதற்கு ஜெர்மேனியம், ரோடியம் போன்ற ஒப்புத் தனிமங்களைச் சேர்த்துத் திருத்துவார்கள்.

துத்தநாகம், இரும்பு மட்டும் போதும் என்றால், கரைசலைச் சுடரில் தெளித்து அது உறிஞ்சும் ஒளியை அளக்கும் பழைய சுடர் அணு உறிஞ்சல் கருவியே போதுமானது. காட்மியம், ஈயத்துக்கு அதன் கிராஃபைட் உலை வகை நன்றாக வேலை செய்யும், நேரம்தான் அதிகம்.

எண் சரி என்று எப்படித் தெரியும்? அளவு முன்பே தெரிந்த அரிசி மாவை உங்கள் மாவோடு சேர்த்து அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் விற்கும் 1568பி என்ற அரிசி மாவு இதற்குப் பெயர் பெற்றது. அதில் கிலோவுக்குத் துத்தநாகம் 19.42 மில்லிகிராம், இரும்பு 7.42, காட்மியம் 0.0224, மொத்த ஆர்செனிக் 0.285 என்று சான்றளித்திருக்கிறார்கள். அந்த மாவில் ஆய்வகத்துக்கு இரும்பு 7.4 வந்திருந்தால், உங்கள் அரிசியின் 38 கருவியின் பிழை அல்ல. மண்ணோ எந்திரமோ என்று தேட வேண்டியதுதான்.

இந்த 1568பி மாவே ஆர்செனிக் பற்றிய முக்கியமான விஷயத்தையும் காட்டிக்கொடுக்கிறது. மொத்தம் 0.285 என்றேன். ஆனால் அதில் கனிம ஆர்செனிக், அதாவது கரிமத்தோடு சேராத வகை, 0.092 மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி டைமெத்தில் ஆர்சினிக் அமிலம் என்ற கரிமச் சேர்மம். புற்றுநோயோடும் தோல் நோயோடும் தொடர்புடையது கனிம வகை; கரிம வகையின் நச்சு அதைவிடக் குறைவு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்கு 2014இல் வைத்த 0.2 மில்லிகிராம் வரம்பு கனிம ஆர்செனிக்குக்கு மட்டுமே. தவிடு நீக்காத அரிசிக்கு 2016இல் வைத்த வரம்பு 0.35. உங்கள் அரிசியில் இரண்டு வகையும் சேர்ந்தே 0.24 என்பதால், கனிமப் பங்கு 0.35ஐத் தாண்ட வழியே இல்லை. நீங்கள் ஒப்பிட்டது தவறான வரம்போடு.

இதை வைத்து "நம் அரிசியிலும் பாதி கரிம வகைதான்" என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் முன்பு பருத்திக்கு ஆர்செனிக் கலந்த பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் அடித்த நிலங்களில் நெல் விளைகிறது. அங்கே கரிம வகை அதிகம். வங்கதேசத்திலும் இந்தியாவிலும் விளையும் அரிசியில் கனிம வகையே பெரும்பங்கு. நெற்பயிர் தானாகக் கரிம ஆர்செனிக் தயாரிப்பதில்லை, மண்ணின் நுண்ணுயிர்கள் தயாரித்ததை உறிஞ்சுகிறது. எனவே விகிதம் ஊருக்கு ஊர் மாறும். அளக்காமல் சொல்ல முடியாது.

இரண்டையும் பிரித்து அளக்க வேறு பாதை வேண்டும். வீரியமான அமிலத்தில் 200 டிகிரியில் வேகவைத்தால் எல்லா வகையும் ஒன்றாகிவிடும். அதனால் மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் 95 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரம் வைத்து, சேர்மங்கள் உடையாமல் வெளியே எடுத்து, அயனிப் பரிமாற்றக் குழாய் வழியாக ஒவ்வொன்றாகப் பிரித்து, பிறகு ஐசிபி-எம்எஸ் கருவிக்குள் விடுகிறார்கள். இந்தச் சோதனைக்குக் கட்டணமும் நேரமும் அதிகம். மொத்த அளவே வரம்புக்குக் கீழே என்றால் தேவையில்லை. உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஏற்றுமதி செய்வதானால் யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெள்ளை அரிசிக்கான கனிம வரம்பை 0.15 ஆகக் குறைத்துவிட்டது. தவிடு நீக்காததற்கு அங்கே 0.25; நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள். 0.1 மில்லிகிராம் அளவில் இரண்டு நல்ல ஆய்வகங்களுக்கிடையே 20 சதவீத வேறுபாடு இயல்பு. எனவே 0.24ஐயும் 0.25ஐயும் வேறுவேறு எண்களாக யாரும் சொல்ல முடியாது.

மற்றத் தானியங்களைவிட நெல்லில் ஆர்செனிக் ஏன் அதிகம்? நீர் நிற்பதால். தேங்கிய நீரில் மண்ணின் ஆக்சிஜன் தீர்ந்ததும், ஆர்செனிக்கைப் பிடித்துவைத்திருந்த இரும்புத் துருக்கள் கரைகின்றன, ஆர்செனிக் விடுபடுகிறது. அந்த நிலையில் அதன் வடிவம் சிலிசிக் அமிலத்தை ஒத்திருக்கிறது. நெல் தன் தண்டு உறுதிக்காக மண்ணிலிருந்து சிலிக்கனை அள்ளிக்கொள்ளும் பயிர். அதற்கென்று வேரில் உள்ள புரத வாயில்கள் வழியாகவே ஆர்செனிக்கும் நுழைகிறது. ஜப்பானின் ஜியான் ஃபெங் மாவும் உடன் ஆய்ந்தோரும் 2008இல் இதை நிறுவினார்கள். காட்மியத்துக்கு வேறு வாயில். அது மாங்கனீசுக்கான வழியில் புகுகிறது. மாங்கனீசு தேவை என்பதால் பயிரால் அந்தக் கதவைச் சாத்த முடிவதில்லை. ஜப்பானியர்கள் கோஷிஹிகாரி ரகத்தைக் கார்பன் அயனிக் கதிரில் வைத்து, மரபு மாறி அந்த வாயில் பழுதான செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காட்மியம் ஏறக்குறைய ஏறாத அரிசியை உருவாக்கினார்கள்.

ஜப்பானுக்கு அந்த அக்கறை வந்த காரணம் கொடுமையானது. தோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றுப் படுகையில், மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயலில் படிந்து அரிசியில் ஏறியது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, அசைந்தாலே முறியும் நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற நடுவயது, முதிய பெண்கள். வலி தாங்காமல் அவர்கள் கத்திய கத்தலே நோயின் பெயரானது: இத்தாய்-இத்தாய். 1968இல்தான் அரசு அதைச் சுரங்க மாசால் வந்த நோய் என்று ஏற்றது. 2013இல் சீனாவின் குவாங்சோ நகரில் சோதித்த அரிசி மாதிரிகளில் 44 சதவீதம் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது வெளிவந்தபோது அங்கே பெரும் கொந்தளிப்பு எழுந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வயலில் நீர் நின்றால் ஆர்செனிக் ஏறும். காட்மியம் சல்ஃபைடாக அடங்கிக் கிடக்கும். நீரை வடித்து மண்ணைக் காயவிட்டால் ஆர்செனிக் துருவில் ஒட்டிக்கொள்ளும், காட்மியம் விடுபடும். நீரைச் சேமிக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்யச் சொல்வது நல்ல அறிவுரைதான். ஆனால் காட்மியம் உள்ள நிலத்தில் அதே அறிவுரை கேடாகலாம். ஒன்றை மட்டும் அளந்து நீர் நிர்வாகத்தை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சத்துள்ள உலோகங்களையும் நச்சு உலோகங்களையும் ஒரே அறிக்கையில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடலில் இரும்பு குறைந்தவர் குடல் காட்மியத்தை அதிகம் உறிஞ்சும். அரிசி, குறிப்பாக வெள்ளை அரிசி, இரும்பும் துத்தநாகமும் கால்சியமும் குறைந்த தானியம். எனவே அரிசியே பிரதான உணவான வீட்டில் அதே அளவு காட்மியம் கூடுதல் தீங்கு செய்யும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரூஃபஸ் சேனி பல ஆண்டுகள் வாதிட்டுவந்தார். உங்கள் அரிசியின் துத்தநாகம் 21 நல்ல எண், நம்பக்கூடியதும்கூட. துத்தநாகம் கூட்டிய ரகங்களுக்கு வைத்திருக்கும் இலக்கு, தீட்டிய அரிசியில் 28.

வரம்பு எண்ணே பாதுகாப்பு எண் அல்ல என்பதையும் கணக்கிட்டுக் காட்டிவிடுகிறேன். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸின் காட்மியம் வரம்பு 0.4 மில்லிகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி என்றால் 120 மைக்ரோகிராம் காட்மியம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010இல் தாங்கத்தக்கது என்று சொன்னது, மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 50. வரம்புக்கு உட்பட்ட அரிசியே இரு மடங்குக்கு மேல் கொடுத்துவிடுகிறது! மூன்று வேளையும் சோறு உண்பவருக்கு 0.17க்கு மேல் போனாலே நான் கவலைப்படுவேன். உங்களுடைய 0.03 அதிலிருந்து வெகுதூரம் கீழே. ஈயம் 0.05ம், தானியங்களுக்கான 0.2 வரம்புக்குள் இருக்கிறது.

தவிட்டோடு விற்பதால் வாங்குகிறவர்களுக்குச் சமைக்கும் முறையையும் பாக்கெட்டில் எழுதுங்கள். கனிம ஆர்செனிக் தவிட்டில்தான் அதிகம், அது நீரில் கரையக்கூடியது. நன்றாகக் களைந்து, அரிசியைப் போல ஆறு மடங்கு நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் கணிசமான பங்கு, பல ஆய்வுகளில் பாதி வரை, கஞ்சியோடு போகிறது. நம் வீடுகளில் குக்கர் வரும்முன் நடந்தது அதுதான். கூடவே பி வைட்டமின்களும் கொஞ்சம் போகும். குழந்தைக்கு நாளும் அரிசிக் கூழ் கொடுக்கும் வீடுகளுக்கு ஆர்செனிக் குறைவதே முக்கியம் என்பது என் கருத்து. ஆனால் சமைக்கும் நீரிலேயே ஆர்செனிக் இருந்தால் கதை தலைகீழ். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நச்சுக் கிணற்று நீரில் வேகும் சோறு, அரிசியில் இருந்ததைவிட அதிகமாக ஏற்றிக்கொள்கிறது.

ஆய்வகத்தை அடுத்த முறை அணுகும்போது சிலவற்றைக் கேளுங்கள். எண் ஈரத்தோடா, உலர் எடைக்கா? 12 சதவீத ஈரம் எண்ணை அந்த அளவுக்கு நகர்த்தும். அளவு முன்பே தெரிந்த ஒப்பு மாவில் என்ன வந்தது? வெற்றுக் கலத்தில் என்ன வந்தது? எந்த அளவுக்குக் கீழே அவர்களால் கண்டறிய முடியாது? இவற்றுக்குத் தயங்காமல் பதில் தருகிற ஆய்வகத்துக்கே கொடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ச்சுகிறீர்கள் என்றால் அந்த நீரையும் ஒருமுறை சோதியுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்செனிக். நீரில் ஆர்செனிக் இருந்தால் அது மடைவாய்ப் பக்கத்திலேயே அதிகம் படியும், தள்ளிப்போகப் போகக் குறையும். அதனால் அடுத்த போகத்தில் மடைவாய் ஓரத்துக் கதிரைத் தனியாகவும், வயலின் மறுகோடிக் கதிரைத் தனியாகவும் அறுத்து, மண்படாமல் தார்ப்பாயில் காயவைத்து, இரண்டு பையாக அனுப்புங்கள்.